இரணைமடுவுக்குக் கீழே ஒரு ஈ பிசி: 12 வோல்ற், 32 பிட், டெபியன்

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள எங்கள் கமக்கார அமைப்பின் வரவுசெலவு, பசளைப் பட்டியல், வாய்க்கால் துப்புரவுக் கணக்கு எல்லாம் இப்போது 2008இல் சந்தைக்கு வந்த ஒரு நெட்புக்கில், அதாவது சின்ன லப்டொப்பில், இருக்கின்றன. ஏசூஸ் ஈ பிசி 1000எச். பத்து அங்குலத் திரை, இன்டெல் அட்டம் என்270 செயலி, 1 ஜிபி ராம். போர் முடிந்த பிறகு கிளிநொச்சியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு தொண்டு நிறுவனம், மூடிக்கொண்டு போகும்போது எங்கள் சனசமூக நிலையத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பல வருடங்களாக அலுமாரியில் பழைய இடாப்புகளுக்கு அடியில் கிடந்தது. இந்தச் சிறுபோகம் முழுக்க ஒரு தடங்கலும் இல்லாமல் வேலை செய்துவிட்டதால், செய்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். வன்னியில் இதே மாதிரி நெட்புக்குகள் இன்னும் நிறைய அலுமாரிகளில் கிடக்கும். யாருக்காவது உதவும்.

இதைத் திருத்தலாம் என்று நினைக்க வைத்தது அதன் சார்ஜர்தான். எங்கள் கட்டடத்துக்கு மின் இணைப்பு இன்னும் வரவில்லை. கூரையில் 100 வாற் சோலர் தகடு ஒன்று, உள்ளே 12 வோல்ற் 60 அம்பியர்-மணி ஈய பற்றரி ஒன்று, இரண்டு எல்ஈடி பல்ப், போன் சார்ஜ் பண்ண ஒரு முனை. அவ்வளவுதான். பெரும்பாலான லப்டொப்களுக்கு 19 வோல்ற் வேண்டும். ஆனால் ஈ பிசி 901, 1000 வரிசை 12 வோல்ற் 3 அம்பியர் சார்ஜரோடு வந்தவை. அடியில் ஒட்டியிருந்த லேபிளில் அந்த 12ஐப் பார்த்ததும், இன்வேர்ட்டர் இல்லாமலே இதை ஓட்டலாம் என்று பட்டது. அந்த எண்ணம் சரிதான். ஆனால் 12 வோல்ற் பற்றரியும் 12 வோல்ற் சார்ஜரும் ஒன்று அல்ல. அதைக் கீழே சொல்கிறேன், இந்தத் திருத்தத்தில் அதிக நேரம் போனதும் அதில்தான்.

முதலில் துப்புரவு. அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றினால் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் நேரே கைக்கு வரும். இந்த மாடலில் அது பெரிய வசதி. கிரவல் றோட்டோரக் கட்டடம் என்பதால் உள்ளே செம்புழுதி மாவாகப் படிந்திருந்தது. விசிறி அந்த மூடிக்குக் கீழே இல்லை. முழுதாகப் பிரித்தால்தான் வரும். அதனால் பக்கத்துக் காற்றுத் துவாரம் வழியாகச் சைக்கிள் பம்பால் ஊதினேன். ஊதும்போது விசிறி சுற்றக்கூடாது. சுற்றினால் அச்சு தேயும். துவாரத்துக்குள்ளே ஒரு ஈர்க்கை விட்டு இதழைப் பிடித்துக்கொண்டு ஊதினால் போதும். பென் ட்ரைவிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டத்தில் செயலியின் வெப்பம் ஊதுவதற்கு முன் 78 பாகையில் நின்றது, ஊதிய பிறகு 61க்கு இறங்கியது. செலவு எதுவும் இல்லை.

பிறகு எந்த லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுவது என்ற கேள்வி. அட்டம் என்270 வெறும் 32-பிட் செயலி. இது தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். கையில் இருந்த 64-பிட் பென் ட்ரைவைப் போட்டுத் தொடங்கினால், இந்தக் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) 64-பிட் செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686, அதாவது 32-பிட், என்று இரண்டு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். மெஷினில் பழுது இல்லை, அது ஒழுங்காகத்தான் சொல்கிறது. பிந்திய அட்டம்களில், உதாரணமாக என்450இல், 64-பிட் உண்டு. ஆகவே வாங்குவதற்கு முன்னோ பதிவதற்கு முன்னோ செயலியின் எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

32-பிட் ஆதரவு வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறது. லுபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 18.04தான் கடைசி. அதற்கான ஆதரவு 2021இலேயே முடிந்துவிட்டது. டெபியனில் 2023 யூனில் வந்த 12ஆம் பதிப்புத்தான் 32-பிட் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு. 2025 ஓகஸ்டில் வந்த 13இல் இந்த வகைக் கணினிக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. 12க்கு நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 யூன் வரை ஓடும். டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23ஐயும் பென் ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். மிக வேகமாக எழும்பியது, நினைவகமும் மிகக் குறைவாகத்தான் எடுத்தது. நான் மட்டும் பாவிப்பதாக இருந்தால் அதையே வைத்திருப்பேன். ஆனால் இதில் இருந்து வேலை செய்யப்போவது எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு மெனுவில் நாலு பொருள் இருந்தால் போதும், நாற்பது வேண்டாம். டெபியன் 12ஐ எல்எக்ஸ்டிஇ மேசைத்தளத்தோடு போடுவது என்று முடிவெடுத்தேன்.

பென் ட்ரைவிலிருந்து தொடங்க, பவர் அமத்தியதும் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்கேப் வேலை செய்யாவிட்டால் எஃப்2 அமத்தி பயோஸ் என்ற தொடக்க அமைப்புப் பக்கத்துக்குப் போய், பூட் பூஸ்டர் என்ற அமைப்பை நிறுத்துங்கள். அது தொடக்கச் சோதனையைத் தாண்டி ஓடுவதால் விசையைக் கவனிக்க நேரம் விடாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை லைவ் சிஸ்டத்திலிருந்து சோதித்தபோது, வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் வரிசையாகக் கூடிக்கொண்டு போயின. காதை வைத்தால் கிளிக் சத்தமும் கேட்டது. அதை வைத்துக்கொண்டு மினக்கெடுவதில் பிரயோசனம் இல்லை. வவுனியாவில் 128 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 6,200 ரூபாவுக்கு எடுத்தேன். ஒரு சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். உயரம் 7 மில்லிமீற்றர், பழையது 9.5. தட்டில் திருகாணியால் இறுக்குவதால் இடைவெளி பிரச்சினை இல்லை. விலை கூடிய எஸ்எஸ்டி இதற்குத் தேவையே இல்லை. இந்த மதர்போர்டின் சாட்டா இணைப்பு முதல் தலைமுறை, செக்கனுக்கு 150 எம்பிக்கு மேல் எந்த டிஸ்க்கும் போகாது. என்னுடையதில் அளந்து பார்த்தால் 118 வந்தது. பழைய டிஸ்க் 40ஐத் தொடவே தடுமாறியது. ஒரேயொரு பாகம்தான் மாற்றலாம் என்றால் எஸ்எஸ்டியை மாற்றுங்கள், ராமை அல்ல. மெஷினின் குணமே மாறியது இதில்தான்.

ராம் இடம் ஒன்றே ஒன்று. அதிகபட்சம் 2 ஜிபி, டிடிஆர்2. கடையில் டிடிஆர்3 ஒன்றைத் தந்துவிட்டார்கள். பார்க்க ஒரே அளவுதான். டிடிஆர்2க்கு 200 முனை, டிடிஆர்3க்கு 204, நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். அதனால் உட்காராது. பலம் பிடித்து அமத்தினால் செருகிடம் உடையும், ஆகவே உட்காரவில்லை என்றால் உடனே எடுத்துவிடுங்கள். மாற்றிக்கொண்டு வந்த பழைய 2 ஜிபி டிடிஆர்2க்கு 1,800 ரூபா. இப்போது புதிதாக இதைத் தேடுவது வீண்வேலை, பழைய லப்டொப் உடைக்கும் கடைகளில்தான் கிடைக்கும்.

நிறுவுதலில் சொல்ல அதிகம் இல்லை. வலைவழி நிறுவியைப் பென் ட்ரைவில் எழுதி, போனை யூஎஸ்பி வயரால் செருகி இணையப் பகிர்வைப் போட்டேன். நிறுவி அதை ஒரு நெட்வேர்க் கார்ட் என்றே எடுத்துக்கொண்டது. இரவு டேட்டா நேரத்தில் தொடங்கினேன், மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை ஜிபி இறங்கியது. மேசைத்தளத் தெரிவில் க்னோமை எடுத்துவிட்டு எல்எக்ஸ்டிஇயை மட்டும் விடுங்கள். டெபியன் 12இல் வன்பொருள்களுக்கான ஃபேர்ம்வெயரும் நிறுவியோடேயே வருவதால், முன்பு போல வை-ஃபைக்காகத் தனிக் கோப்புத் தேடி அலைய வேண்டியதில்லை.

இருந்தும் வை-ஃபை வரவில்லை. சாதனப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் வயர்லெஸ் கார்டின் பெயரே இல்லை. இறந்த கார்ட் போலத்தான் தெரியும். ஆனால் ஈ பிசியில் எஃப்என் விசையோடு எஃப்2ஐ அமத்தினால் கார்டுக்கான மின்சாரமே நின்றுவிடும். நின்ற நிலை பயோஸில் பதிந்துபோய், சிஸ்டத்தை மாற்றினாலும் அப்படியே தொடரும். கடைசியாக, முன்பு இருந்த விண்டோஸ் எக்ஸ்பியில் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். அதே இரண்டு விசையை அமத்தியதும் நீல விளக்கு எரிந்து, ராலிங்க் ஆர்டி2860 என்று பட்டியலில் வந்து உட்கார்ந்தது. கார்டைக் கழற்றி வேறு வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொரு தடங்கல் திகதி. உள்ளே இருக்கும் சிறு நாணய பற்றரி செத்துவிட்டது. மின்சாரம் விட்டுப்போனால் கடிகாரம் பழைய வருடத்துக்கு ஓடிவிடும். திகதி பின்னால் இருந்தால் பொதிகளின் கையொப்பம் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று டெபியன் மறுக்கும், பாதுகாப்பான இணையத்தளம் ஒன்றும் திறக்காது. கையால் திகதியைச் சரிசெய்துவிட்டு மேலே போனேன். டெபியனின் நேரச் சேவை, கடைசியாக இருந்த நேரத்தை டிஸ்க்கில் குறித்துவைக்கும். அடுத்த முறை தொடங்கும்போது அதைவிடப் பின்னால் போகவிடாது. இணையம் கிடைத்ததும் சரியான நேரத்துக்கு வந்துவிடும். எங்கள் வேலைக்கு அது போதும் என்பதால் மதர்போர்ட் வரை பிரித்து அந்த நாணயத்தை மாற்றவில்லை.

எழும்பி மேசைத்தளம் வந்ததும் 240 எம்பி அளவில் நினைவகம் போகிறது. பவர் அமத்தியதிலிருந்து மேசைத்தளம் வர 50 செக்கனுக்குள். சீராம் என்னும் சுருக்கிய நினைவகத்தைப் போட்டேன். ராமில் பாதிக்கு அதை ஒதுக்கிவிட்டால், எஸ்எஸ்டியில் போய் எழுதி அதைத் தேய்க்காமல் நெருக்கடி நேரத்தைச் சமாளிக்கும். லிப்ரே ஓபிஸ் கல்க் முதல் தடவை திறக்க 14 செக்கன், இரண்டாம் தடவை 6. ஃபயர்பொக்ஸ் ஓடும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். விளம்பரத் தடுப்பு கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் செய்திப் பக்கம் ஒன்றே செயலியை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். யூடியூப் உலாவியில் பார்க்க ஏலாது. விவசாயத் திணைக்களத்தின் காணொளி மாதிரி ஏதாவது தேவைப்பட்டால் 360 அளவில் எம்பி4 ஆக இறக்கி எம்பிவி என்ற பிளேயரில் போட்டால் தடங்கலில்லாமல் ஓடுகிறது. 720 அளவுக்கு இந்தச் செயலியால் ஈடுகொடுக்க முடியாது.

இனி மின்சாரம்.

12 வோல்ற் ஈய பற்றரி என்பது பெயருக்குத்தான் 12. நல்ல வெயிலில் சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், மாலையில் பாரம் (மின்சாரம் இழுக்கும் பொருட்கள்) ஏறினால் 11.8க்கு இறங்கும். நெட்புக்கின் மூலச் சார்ஜர் எந்நேரமும் 12ஐத்தான் கொடுத்தது. நேரே பற்றரியில் கொழுவி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பாகங்கள் 14.4ஐத் தாங்குமா என்று உறுதியில்லாமல் ஊருக்குச் சொந்தமான பொருளில் நான் அதைச் செய்ய விரும்பவில்லை. ஆகவே இடையில் ஒரு வோல்ற் சீராக்கி வேண்டும்.

முதலில் போட்டது எல்எம்2596 என்ற சின்ன நீல மொடியூல். எல்லாக் கடையிலும் கிடைப்பது, 250 ரூபாவுக்கு எடுத்தேன். காலையில் பற்றரி 13.8இல் நின்றபோது அழகாக 12ஐக் கொடுத்தது. மாலையில் மெஷின் திடீரென்று நின்றது. மீற்றரை வைத்துப் பார்த்தால் பற்றரி 12.3, மொடியூல் வெளியே தருவது 10.9. அது வோல்ற்றைக் குறைக்க மட்டும் தெரிந்த மொடியூல். உள்ளே வருவது வெளியே போவதைவிட ஒன்றரை வோல்ற்றாவது கூட இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். 12இலிருந்து 12 எடுக்க அதனால் ஆகாது. கூட்டவும் குறைக்கவும் தெரிந்த மொடியூல்தான் வேண்டும். எக்ஸ்எல்6009 சில்லோடு, பலகையில் இரண்டு கம்பிச்சுருள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒற்றைச் சுருள் இருப்பது கூட்ட மட்டும்தான் செய்யும், கடைக்காரர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பார். 480 ரூபா.

நெட்புக்கில் கொழுவுவதற்கு முன் மொடியூலைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். மோட்டச்சைக்கிள் சிக்னல் பல்ப் ஒன்று, 12 வோல்ற் 10 வாற், அதைப் பாரமாகக் கொழுவி, மீற்றரைப் பார்த்துக்கொண்டே மொடியூலில் உள்ள சின்னத் திருகை மெதுவாகத் திருப்பி 12.1க்குக் கொண்டுவந்தேன். பாரம் இல்லாமல் அளந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது. அந்தத் திருகு பல சுற்றுக்கு ஒன்றும் நடக்காதது போல இருந்துவிட்டுத் திடீரென்று ஏறும், அவசரப்பட்டால் 20க்குப் போய்விடும். சரிவந்த பிறகு திருகின் தலையில் ஒரு துளி நகப்பூச்சை வைத்து அசையாமல் பண்ணினேன்.

முனைக்குப் பழைய சார்ஜரின் வயரையே வெட்டி எடுத்துக்கொண்டேன். சார்ஜர் எப்போதோ எரிந்துபோனது, வயரும் முனையும் நல்லாக இருந்தன. நடு ஊசி நேர்முனையா என்று சார்ஜரின் லேபிளில் உள்ள படத்தைப் பார்த்து, மீற்றரிலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். பற்றரிப் பக்கம் 3 அம்பியர் பியூஸ். மொடியூலின் சில்லு கை வைக்க ஏலாத அளவுக்குச் சுட்டது. ஒரு அலுமினியத் துண்டை வெப்பப் பசையால் ஒட்டி, மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தேன். இப்போது மணிக்கணக்கில் ஓடினாலும் இளஞ்சூடுதான்.

வயரைச் சோலர் கட்டுப்பாட்டுக் கருவியின் பார முனையிலிருந்து எடுத்திருக்கிறேன், பற்றரியிலிருந்து நேரே அல்ல. பற்றரி மிகவும் இறங்கினால் கருவி தானே வெட்டி பற்றரியைக் காப்பாற்றும். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: மலிவான கருவிகள் பலவற்றில் நேர்முனைகள்தான் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும், பாரத்தின் எதிர்முனையும் பற்றரியின் எதிர்முனையும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக முடிந்தால் அந்த வெட்டும் வசதி இல்லாமல் போய்விடும்.

அளந்த கணக்கு: தொடங்கும்போது நெட்புக் 1.3 அம்பியர் வரை இழுக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும்போது 0.95. பற்றரிப் பக்கத்தில் அது 1.1 அம்பியர் அளவு வருகிறது. இடையில் உள்ளது மொடியூலின் சூடாகப் போகிறது. பின்னேரம் நாலு மணித்தியாலம் இருந்து வேலை செய்தால் நாலரை அம்பியர்-மணி. 60 அம்பியர்-மணி பற்றரிக்கு இது பெரிய பாரம் இல்லை. பல்ப் இரண்டும் எரிந்தாலும் தாங்கும். நெட்புக்கின் சொந்த பற்றரி செத்துவிட்டதால் கழற்றி வைத்துவிட்டேன். செத்த பற்றரியை உள்ளே விட்டால் அது ஏறாத சார்ஜை இழுத்துக்கொண்டே இருக்கும்.

தமிழுக்கு வருகிறேன். மாஸ்டரின் பென் ட்ரைவில் பல வருடக் கடிதங்கள் இருந்தன. கமநல சேவை நிலையத்துக்கு, நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, பிரதேச செயலகத்துக்கு எழுதியவை. எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. லினக்ஸில் திறந்ததும் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். மாஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, உது முழுக்கப் போயிட்டுதோ?” என்று கேட்டார். “இல்லை மாஸ்டர், எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்” என்று சொல்லி, அவருடைய பழைய கணினியிலிருந்து பாமினிக் கோப்பை எடுத்து வீட்டு அடைவில் எழுத்துருக்களுக்கான இடத்தில் போட்டுப் பட்டியலைப் புதுப்பித்தேன். லிப்ரே ஓபிஸை மூடித் திறந்ததும் கடிதம் தமிழில் நின்றது.

பார்ப்பதற்கு அது போதும். கணக்குக்குப் போதாது. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அங்கத்தவர் பட்டியலைப் பெயர் வரிசைப்படி அடுக்கச் சொன்னால், ஏ விசையில் ‘ய’ இருப்பதால் யகர வரிசைப் பெயர்கள் முன்னுக்கு வரும், எம் விசையில் இருக்கும் ‘அ’ நடுவில் போய் நிற்கும். ஒரு பெயரைத் தேடினாலும் கிடைக்காது. ஆகவே பட்டியல்களையும் அடிக்கடி தேவைப்படும் கடிதங்களையும் யூனிகோடுக்கு மாற்றுவது என்று தொடங்கினேன். டெபியனோடு பைதன் வருகிறது, ஒரு சின்ன மாற்று அட்டவணை எழுதினால் போதும். ஆனால் அட்டவணையின் ஒழுங்கு முக்கியம். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் அடிக்கப்படும், யூனிகோடில் பின்னால் வரவேண்டும். ‘கொ’வில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. ‘கெ’யை முதலில் மாற்றிவிட்டால் அந்தக் கால் அநாதையாக நின்றுவிடும். நீண்ட சேர்க்கைகளை முதலில், தனி எழுத்துகளைக் கடைசியில் மாற்ற வேண்டும்.

அப்படிச் செய்தும் இரண்டு தொல்லை மிஞ்சின. ஒன்று, ர இருக்க வேண்டிய இடத்தில் பல இடங்களில் கால் அடிக்கப்பட்டிருந்தது. தாளில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், அச்செடுத்தால் யாருக்கும் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றியதும் அந்தக் கால் புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கியது. சொல்லின் தொடக்கத்திலும் உயிர்மெய்க் குறிக்கு முன்னாலும் வரும் கால் ரகரமாகத்தான் இருக்க முடியும் என்ற விதியைப் போட்டதும் பெரும்பாலானவை சரிவந்தன. மற்றது, காற்புள்ளி. பாமினியில் அந்த விசையில் ‘இ’ இருக்கிறது. அதனால் மாற்றிய கடிதங்களில் “கிளிநொச்சிஇ” என்று சொல்லோடு ஒட்டிக்கொண்டு ‘இ’ வந்தது. இணையத்தில் பழைய ஈழத்துக் கட்டுரைகள் பலவற்றில் இதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்ச் சொல் ‘இ’ என்ற தனி உயிரில் முடியாது, ஆகவே சொல்லின் இறுதியில் இடைவெளிக்கு முன் வரும் ‘இ’ எல்லாம் காற்புள்ளி. இந்த இரண்டு விதியும் எழுதிய பிறகு ஒரு கடிதத்துக்குக் கையால் திருத்த வேண்டியது ஒன்றிரண்டு இடம்தான்.

மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர் மாதிரி உண்மையான ஆங்கிலமும் அட்டவணையில் மாட்டித் தமிழாகிவிடும். கடிதத்தில் பாமினி எழுத்துரு பூசிய துண்டுகளை மட்டும் எடுத்து மாற்றும்படி எழுதினால் இந்தத் தொல்லை வராது.

புதிதாக அடிப்பதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு எம்17என் என்ற விசைப்பலகைப் பொதியைப் போட்டேன். அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு முறை எல்லாம் இருக்கின்றன. இலங்கையின் தரமான ரெங்கநாதன் முறையும் அதிலேயே இருக்கிறது. அது பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஒழுங்கைத் தழுவியது. மாஸ்டரின் விரலுக்குப் பழகிய ய, ள, ன, க, ப நடு வரிசையில் அப்படியே கிடந்ததால் அவர் புதிதாகப் படிக்க வேண்டியது கொஞ்சம்தான். தமிழ் எழுத்துருக்களுக்கு டெபியனின் தமிழ்த் தொகுதியையும் நோட்டோவையும் போட்டேன். 600 புள்ளி உயரத் திரையில் லோகித் எழுத்துரு மங்கலாகத் தெரிந்தது, நோட்டோ தெளிவு.

அந்த 600 புள்ளி உயரம்தான் தினசரிப் பாவனையில் மிகப் பெரிய இடைஞ்சல், செயலியின் வேகம் அல்ல. லிப்ரே ஓபிஸின் சில பெட்டிகள் திரையைவிட உயரம், சரி என்ற பொத்தான் கீழே மறைந்துவிடும். ஓல்ற் விசையை அமத்திக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் அது மேலே நகரும். இதை ஒரு மட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கீழே உள்ள பட்டையைத் தானே மறையும்படி விட்டதில் கல்க்கில் கூடுதலாக ஒரு வரி கிடைத்தது. அச்சுக்கு எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிப் பென் ட்ரைவில் கொண்டுபோகிறோம். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் எந்தக் கொமினிக்கேசன் கடையிலும் ஒரே மாதிரி அச்சாகிறது.

செலவு: எஸ்எஸ்டி 6,200, ராம் 1,800, இரண்டு மொடியூலும் சேர்த்து 730, பியூஸ், பெட்டி, வயர், அலுமினியம் எல்லாம் 640. மொத்தம் 9,370 ரூபா. பாவித்த லப்டொப் ஒன்றுக்கு 40,000க்குக் குறையாமல் கேட்டார்கள், அதற்குமேல் இன்வேர்ட்டர் செலவு வேறு.

அடுத்த முறை செய்வதாக இருந்தால் ராமை வாங்குவதை ஒத்திவைப்பேன். எங்கள் வேலைக்கு 1 ஜிபியும் சீராமும் சமாளித்திருக்கும் என்று இப்போது நினைவகக் கணக்கைப் பார்த்தால் தெரிகிறது. அந்தப் பணத்தை ஒரு நல்ல 5 அம்பியர் சீராக்கிக்குப் போட்டிருக்கலாம். இருக்கும் மொடியூல் தாங்குகிறது, ஆனால் எல்லைக்குக் கிட்டத்தான் ஓடுகிறது. இன்னும் தீராதது, சோலர் கருவி மின்சாரத்தை வெட்டினால் மெஷின் அறிவிப்பில்லாமல் நிற்பது. இப்போதைக்கு லிப்ரே ஓபிஸை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமிக்கும்படி விட்டிருக்கிறேன். கருவியின் திரையில் 11.8 காட்டினால் மூடிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. சொந்த பற்றரிக்குப் புதிய செல் போட்டால் இது தீரும். உள்ளே ஆறு 18650 செல்தான். ஆனால் அவற்றை ஸ்பொட் வெல்டிங்கில்தான் இணைக்க வேண்டும், சொல்டரின் சூடு செல்லுக்கு ஆகாது. அந்தக் கருவி உள்ள ஒருவரை யாழ்ப்பாணத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். காலபோக விதைப்புத் தொடங்க முன் செய்துவிட்டால், மழை இருட்டில் சோலர் இறங்கும் நாட்களிலும் மாஸ்டர் கணக்கை முடித்துவிட்டு எழும்பலாம்.